காளவாசலில் ஒன்று

முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணை ஈரத்துணியால் துடைக்கப் போன முத்துப்பேச்சி, துணியைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டாள். மண் வெள்ளையாக இருந்தது.

நடுவீட்டில் பெஞ்சைப் போட்டு அதில்தான் சுருளிவேலைக் கிடத்தியிருந்தார்கள். கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டியாயிற்று. தாடைக்கும் துணி சுற்றியாயிற்று. தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவந்தவர்கள் வாசலில் நின்று வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பழனியம்மாள் அதற்குள் தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி ஒப்பாரியை எடுத்துவிட்டாள். கட்டிக்கொண்டவள் அழ வேண்டிய நேரத்தில் புருஷனின் முழங்காலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாளே என்று யாராவது நினைத்திருந்தால் நினைத்துவிட்டுப் போகட்டும். முத்துப்பேச்சிக்கு அந்த மண்ணைத் தெரியும்.

திண்டுக்கல்லில் எங்கே தோண்டினாலும் செம்மண் வரும், அதற்குக் கீழே பாறை வரும். வெள்ளை மண்ணுக்கு ஒரே இடம்தான், சுண்ணாம்பு சுட்டுச் சுட்டுத் தரையே வெளுத்துக் கிடக்கிற காளவாசல் சந்து. சுருளிவேல் தண்ணீர் ஆபீசில் பிட்டர். ஊரில் எந்தக் குழாய் ஒழுகினாலும் தேடிக் கண்டுபிடித்து அடைக்கிறவர். அப்படிப்பட்ட மனிதர் மண்ணும் சேறுமாக வீட்டுக்கு வருவது அதிசயமில்லை. ஆனால் காளவாசல் சந்தில் தெருக்குழாய் என்று ஒன்று கிடையவே கிடையாது. குழாய் இல்லாத சந்தில் குழாய்க்காரருக்கு என்ன வேலை?

அவருடைய காக்கி அரைக்கால் சட்டையைத் துவைக்கும்போதெல்லாம் பல வருஷமாக அவள் தனக்குள் கேட்டுவருகிற கேள்வி இது. கல்லில் அடித்தால் முதலில் சிவப்பு போகும், அப்புறம்தான் வெள்ளை போகும். வெள்ளை போகிற வரைக்கும் அடித்துவிட்டு, அதற்கு மேலும் இரண்டு அடி அடிப்பாள்.

“மைதீனு,” என்று கூப்பிட்டாள்.

தள்ளுவண்டியோடு வந்திருந்த மைதீன் பிச்சை உள்ளே எட்டிப் பார்த்தார். சுருளிவேலோடு சேர்ந்து வேலை பார்க்கிறவர். தெருத்தெருவாகப் போய் வால்வைத் திறந்துவிட்டு மூடுவது அவர் வேலை. கண் சிவந்திருந்தது.

“எங்கன வச்சு விழுந்தாரு?”

“வேலையிலதான் மதினி. நெஞ்சப் பிடிச்சாரு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுனோம். போற வழியிலேயே போயிருச்சு.”

“வேலைன்னா எந்தத் தெரு?”

“இங்கனதான்.” கையை ஒரு பக்கமாக வீசிக் காட்டினார். அந்தக் கைவீச்சுக்குள் மலைக்கோட்டையும் பாதி ஊரும் அடங்கும்.

முத்துப்பேச்சி அதற்கு மேல் கேட்கவில்லை. துடைக்கவும் இல்லை. மண் அப்படியே இருக்கட்டும் என்று துணியை மூலையில் போட்டாள்.

இந்த மைதீன் பிச்சையின் வாயிலிருந்துதான் அந்தப் பேச்சு அவள் காதில் விழுந்தது. ஒரு நாள் மறந்துபோன சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டியடிக்குப் போயிருந்தாள். தூணுக்கு அந்தப் பக்கம் மைதீன் பிச்சை, வேலைக்குப் புதிதாக வந்த ஒருத்தனிடம் குரலைத் தாழ்த்திச் சொல்லிக்கொண்டிருந்தார். “சுருளியண்ணன் காளவாசல்ல ஒண்ணு வச்சிருக்காரு. ரொம்ப நாளா. நீ கண்டுக்காத. மதினிக்குத் தெரிஞ்சா வம்பாப் போயிரும்.”

ஒண்ணு வச்சிருக்காரு. ஒரு ஆம்பிளை ஒன்று வைத்திருக்கிறான் என்று நம் ஊரில் தாழ்ந்த குரலில் சொன்னால், பசுமாட்டைச் சொல்கிறார்கள் என்று யாராவது எடுத்துக்கொள்வார்களா? முத்துப்பேச்சியும் எடுத்துக்கொள்ளவில்லை. தூக்கைத் தூணடியில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து அடுப்பைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

அவரிடம் கேட்டிருக்கலாம். ஆயிரம் தடவை வாய் வரைக்கும் வந்திருக்கிறது. கேட்டு, அவர் இல்லை என்று சொன்னால் நம்ப முடியாது. ஆமாம் என்று சொல்லிவிட்டால் தாங்க முடியாது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அவளுக்கு ஒரே மகள், பொன்னழகு. அவளையும் செம்பட்டியில் கட்டிக் கொடுத்தாயிற்று. ஆண் வாரிசு இல்லை. காளவாசலில் ஒரு மகன் இருந்துவிட்டால்? நாளைக்கு இவர் செத்தால் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருத்தன் வந்து, கொள்ளி வைக்க நான் இருக்கிறேன் என்று நின்றுவிட்டால்? அத்தனை பேர் முன்னாலும் அவள் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைப்பாள்?

ஆகவே கேட்காமலேயே காலத்தை ஓட்டினாள். நேரத்துக்குச் சோறு போட்டாள், வெஞ்சனம் வைத்தாள், பேச்சை மட்டும் குறைத்துக்கொண்டாள். பேசினால் தண்ணீரைப் பற்றித்தான் பேச்சு, அதுவும் சண்டையாகத்தான். நயாபைசா வந்த வருஷம் அந்தத் தெருவுக்கு ஆத்தூர் அணைத் தண்ணீர் வந்தது. முதலில் குழாயில் குபுகுபுவென்று கொட்டியது. கொஞ்ச காலத்தில் நூலாக இளைத்துவிட்டது. குழாய் லயனில் கடைசித் தெரு, தெருவில் கடைசி வீடு. “தண்ணிக்காரர் பொண்டாட்டி குழாயடியில தவங்கெடக்கா” என்று பழனியம்மாள் சிரிப்பாள். முத்துப்பேச்சி அந்தச் சிரிப்பை அப்படியே கொண்டுவந்து புருஷன் தட்டில் வைப்பாள். “ஊருக்கெல்லாம் ஒழுக்கு அடைக்கிறீக. நம்ம குழாயில ஏன் வரமாட்டேங்குது?”

சுருளிவேல் சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்வார். “நம்ம லயன்ல எங்கயோ ஒழுக்கு இருக்கு. தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்.”

விடிவதற்கு முன்னால், தெரு சத்தமில்லாமல் இருக்கும்போதே கம்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ஆள் உயர இரும்புக் கம்பி. ஒரு முனையைத் தரையில் ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்தால், பூமிக்குள் குழாய் எங்கே சீறுகிறது என்று கேட்குமாம். மண் பேசுவதற்கெல்லாம் காது கொடுக்கிற மனுஷன் பெண்டாட்டி பேச்சுக்குக் கொடுக்கவில்லை என்று அவள் நினைத்துக்கொள்வாள். திரும்பி வரும்போது முழங்காலில் வெள்ளை மண் இருக்கும்.

வெயில் ஏற ஏற ஆட்கள் சேர்ந்தார்கள். வடமதுரையிலிருந்து அவள் அண்ணன் நல்லுசாமி கிடைத்த முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். பொன்னழகு தெருமுனையிலிருந்தே தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்து அப்பன் காலில் விழுந்தாள். முத்துப்பேச்சி மகள் தோளில் ஒரு கையை வைத்தாள். ஆனாலும் கண் வாசலைவிட்டு நகரவில்லை.

“கொள்ளி யாரு வைக்கிறது?” என்று நல்லுசாமி அவள் பக்கத்தில் குனிந்து கேட்டார். “அவர் பங்காளி மகன் அழகரு இருக்கான்ல, அவனையே வைக்கச் சொல்லிருவோமா தாயி?”

“செத்த நேரம் பொறுண்ணே.”

“எதுக்கு? யாரு வரணும்?”

 யாரும் வரக்கூடாது என்றுதான் காத்துக்கொண்டிருந்தாள்.

வந்த பெண்களை ஒருத்தி விடாமல் தரம் பிரித்தாள். ஆப்பக்காரி வந்தாள். மாரைத் தட்டி அழுதாள், ஆனால் அவளுக்குப் பல் ஒன்றுகூட இல்லை. பள்ளிக்கூடத்து ஆயா வந்தாள். அடக்கமான பொம்பளைதான், இழவு வீட்டுக்கு எதற்குக் கொண்டையில் பூ? முத்துப்பேச்சி குனிந்து அவள் பாதத்தைப் பார்த்தாள். செம்மண். சரி, போகட்டும் என்று விட்டாள்.

அப்புறம்தான் காளவாசல்காரிகள் வந்தார்கள். கும்பலாக வந்தார்கள். யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பாதமும் கணுக்காலும் மாவில் நடந்து வந்த மாதிரி வெளுத்திருந்தன. வாசலில் நின்றிருந்த மைதீன் பிச்சை அவர்களைக் கண்டதும் தலையைத் திருப்பிக்கொண்டதை முத்துப்பேச்சி பார்த்தாள்.

முன்னால் வந்தவளுக்கு நாற்பது வயசுக்குள் இருக்கும். வேலை செய்து முறுக்கேறிய உடம்பு. கழுத்தில் தாலி இல்லை. மற்றவர்கள் ஓரமாக ஒதுங்க, அவள் மட்டும் நேராகக் கால்மாட்டுக்கு வந்து உட்கார்ந்து, சுருளிவேலின் பாதத்தில் கையை வைத்தாள். சத்தமே இல்லாமல் கண்ணீர் கொட்டியது.

இவள்தான் என்று முத்துப்பேச்சிக்கு விளங்கிவிட்டது.  இத்தனை வருஷமாகத் தெரிந்ததுதானே என்று தனக்குள் சொல்லிக்கொண்டு அவளுக்கு எதிரில் போய் உட்கார்ந்தாள்.

“நீ யாரு தாயி?”

“காளவாசலுக்கா. கருப்பாயி.”

“எங்க வீட்டுக்காரரு உனக்குப் பழக்கமோ?”

“எங்க சந்துக்கே பழக்கம்க்கா. வெள்ளன முழிச்சா அவரு மொகத்துலதான் முழிப்போம்.”

அடிப்பாவி, வாய்கூசாமல் சொல்கிறாளே என்றிருந்தது. “புள்ளைக இருக்கா?”

“ஒரே பய.”

ஒரே பய. முத்துப்பேச்சி தாலியை இறுகப் பிடித்தாள். “எங்க, அவன் வரலையா?”

“சூளை வேலையில இருக்கான். சொல்லிவிட்ருக்கு. வந்துருவான்.”

முத்துப்பேச்சி எழுந்து அண்ணனிடம் போனாள். “அழகரையே வைக்கச் சொல்லு. தலைய மழிக்கச் சொல்லு. சுருக்கா ஆகட்டும்.” நல்லுசாமி ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்துவிட்டு நாவிதரைத் தேடிப் போனார்.

ஆனால் சுருக்கா ஆகவில்லை. தண்ணீரில் வந்து நின்றது.

நீர்மாலை எடுக்க வேண்டும். செத்தவரைக் குளிப்பாட்டுகிற தண்ணீரைச் சொந்தக்காரர்கள் கொட்டுமேளத்தோடு போய், வேட்டியைப் பந்தலாகத் தூக்கிப் பிடித்து, அதற்குக் கீழே குடத்தில் கொண்டு வர வேண்டும். தெருக்குழாயில் எடுத்துவிடலாம் என்று கொட்டுக்காரர்கள் அங்கே போய் நின்றார்கள். மைதீன் பிச்சை ஓடிப்போய் வால்வைத் திறந்துவிட்டு வந்தார். குழாய் பெருமூச்சு விட்டது, இருமியது, வழக்கம்போல ஒரு நூலை இறக்கியது. அதை நம்பி நின்றால் எல்லாக் குடமும் நிறைவதற்குள் பொழுது சாய்ந்துவிடும்.

“தண்ணிக்காரர் சாவுக்கே தண்ணி இல்ல பாரு,” என்றாள் பழனியம்மாள். ஒப்பாரிக்கு நடுவில்தான் சொன்னாள், ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

“தோல் பதனிடுற ஷாப்புப் பக்கம் கிணறு இருக்குல்ல?” என்றார் நல்லுசாமி.

“அது வாயில வைக்க முடியாதுண்ணே. வெறும் உப்பு,” என்றார் மைதீன் பிச்சை.

“குடிக்கவா போறாரு? ஊத்துறதுதானே.”

கால்மாட்டில் உட்கார்ந்திருந்த கருப்பாயி நிமிர்ந்தாள். “உப்புத்தண்ணி அவருக்கு வேண்டாங்க. எங்க சந்துல ஒரு ஊத்து இருக்கு. நல்ல தண்ணி. அங்கன வந்து எடுங்க.”

“அங்கயா?” என்று நல்லுசாமி முகத்தைச் சுளித்தார். காளவாசல் சந்துக்குள் போய் நீர்மாலை எடுப்பதா என்று அவர் கேட்கவில்லை, ஆனால் முகம் கேட்டது.

“அதெல்லாம் வேணாம்,” என்று மைதீன் பிச்சை குறுக்கே விழுந்தார். “தூரம். வெயிலாயிருக்கு. நான் ஒரு வண்டி பிடிச்சு வேற எங்கயாவது எடுத்தாரேன்.”

அவர் அவசரம் முத்துப்பேச்சிக்குப் பிடிக்கவில்லை. காளவாசலில் அவள் பார்க்கக்கூடாதது என்னவோ இருக்கிறது. பிணம் இந்த வாசலைத் தாண்டிவிட்டால் இனிமேல் கருமாதி வரைக்கும் அவளை யாரும் வெளியே விடமாட்டார்கள். அதற்குள் இவர்கள் எதை வேண்டுமானாலும் மறைத்துவிடுவார்கள்.

“காளவாசல்லயே எடுப்போம்,” என்றாள். “நானும் வாரேன்.”

“நீ எதுக்கு ஆத்தா? நீ பொணத்துக்குப் பக்கத்துல இருக்கணும்,” என்றார் நல்லுசாமி.

“பழனியம்மா இருப்பா. கூட இருந்தவ நான்தான? கடைசித் தண்ணிய நான் எடுத்து வாரேன்.” முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் குடத்தைத் தூக்கிவிட்டாள். இழவு வீட்டில் தாலி கட்டியவளோடு மல்லுக்கு நிற்க யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

கொட்டு முன்னால் போனது. வேட்டிப் பந்தலுக்குக் கீழே அழகரும் பொன்னழகும் மருமகனும், அவர்களுக்கு நடுவில் முத்துப்பேச்சியும் நடந்தார்கள். செம்மண் ரோடு முடிந்து வெள்ளை மண் தொடங்கியபோது அவள் வேகத்தைக் குறைத்தாள். சந்தின் இரண்டு பக்கமும் தாழ்ந்த கூரை வீடுகள். திறந்திருந்த கதவுக்குள் எல்லாம் பார்வையை விட்டாள். எந்த வீட்டில் அவர் உட்கார்ந்திருப்பார், எந்தக் கயிற்றில் அவர் துண்டு தொங்கியிருக்கும்?

“இது என் வீடுக்கா,” என்றாள் பக்கத்தில் வந்த கருப்பாயி, சும்மா பேச்சுக்கு.

முத்துப்பேச்சி நின்றேவிட்டாள். பந்தல் முட்டி நின்றது. உள்ளே ஒரு அடுப்பு, கவிழ்த்து வைத்த சட்டி, கொடியில் ஒரு கிழிந்த சேலை. ஒரு ஆளே காலை நீட்டிப் படுக்க முடியாத வீடு. ஆம்பிளை வந்துபோகிற வீட்டுக்கு ஒரு அடையாளம் இருக்கும். ஒரு பீடித்துண்டுகூட அங்கே இல்லை. எடுத்து ஒளித்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டு நடந்தாள்.

சந்து போய் முட்டுகிற இடத்தில் பழைய சூளைச் சுவர். சுவரோரம் கல் அடுக்கிக் கட்டிய ஒரு குழி, அதில் இறங்க இரண்டு படி. அடியில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. முகம் தெரிகிற தண்ணீர். குழிக்குள் நின்று ஒருத்தன் தூசியை அள்ளி வெளியே போட்டுக்கொண்டிருந்தான். புருவமெல்லாம் சுண்ணாம்பு.

“என் பய,” என்றாள் கருப்பாயி. “நீங்க எடுக்கப்போறீகன்னு சுத்தம் பண்றான்.”

முத்துப்பேச்சி அவன் முகத்தை வெறித்துப் பார்த்தாள். மூக்கைப் பார்த்தாள், காதைப் பார்த்தாள், நெற்றியைப் பார்த்தாள். அவன் கூச்சப்பட்டுச் சிரித்தபோது பல் வரிசையையும் பார்த்தாள். அத்தனையும் கருப்பாயி. சுருளிவேலின் சாயல் ஒரு பொட்டுக்கூட இல்லை. அவன் படியேறி வந்து கும்பிட்டுவிட்டு, “எங்கப்பன் சாவுக்குக்கூட நான் இம்புட்டு அழுவல ஆத்தா. அவரு போகும்போது எனக்கு வெவரம் தெரியாது,” என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டான்.

அவளுக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்த பிறகுதான் தண்ணீரைச் சரியாகப் பார்த்தாள்.

“நல்ல ஊத்தா இருக்கே,” என்றார் நல்லுசாமி.

அவள் குனிந்து ஒரு கை அள்ளி வாயில் விட்டாள். நாக்கு அறியாத தண்ணீரா இது? ஆத்தூர்த் தண்ணீர். நூலாக ஒழுகும்போது குழாயடியில் தவம் கிடந்து பிடித்த தண்ணீர். இந்தப் பக்கத்துக் கிணறு அத்தனையும் உப்பாக இருக்கும்போது, சுண்ணாம்பு மண்ணில் இனிப்பு ஊற்று எங்கிருந்து வரும்? ஒழுக்கு அடைக்கிறவரோடு குடும்பம் நடத்தியவள் அவள்.

கொட்டுக்காரர்கள் பீடி பற்றவைக்க ஒதுங்கிய நேரத்தில் மைதீன் பிச்சையைச் சூளைச் சுவருக்கு அந்தப் பக்கம் கூப்பிட்டாள்.

“மைதீனு. இது ஊத்தா, ஒழுக்கா?”

மைதீன் பிச்சை சுற்றுமுற்றும் பார்த்தார். “மெதுவாப் பேசுங்க மதினி.”

“சொல்லு.”

“ஒழுக்குதான். பெரிய குழாய் இந்தச் சுவரடியிலதான் போகுது. ஜாயிண்டு விட்டுருச்சு. அடைக்கத்தான் வந்தோம். தோண்டி, ஈயத்தக் காச்சி, ஊத்தப்போற நேரம். இந்தப் பொம்பளைக குடத்த இடுப்புல வச்சுக்கிட்டுச் சுத்தி நின்னாளுக. ஒரு வார்த்தை கேக்கல. சும்மா நின்னாளுக. அண்ணன் செத்த நேரம் பாத்தாரு. காச்சுன ஈயத்தத் தூக்கி மண்ணுல கொட்டிட்டாரு. அன்னையிலருந்து இத வச்சுக்கிட்டாரு.”

“வச்சுக்கிட்டாருன்னா?”

“பெருசானா ஆபீசுல தெரிஞ்சு போகும். வேலையும் போயிரும். சிறுசாயிட்டா இவளுகளுக்குக் காணாது. அதான் தெனம் வெள்ளன வந்து மண்டி போட்டுக் கம்பிய வச்சுக் கேப்பாரு. சத்தம் கூடியிருந்தா சணலத் திணிச்சு ஒரு தட்டுத் தட்டுவாரு. கேட்டா ஊத்துன்னு சொல்லுங்கன்னு இவளுகளுக்குச் சொல்லி வச்சதும் அவருதான். இன்னைக்கும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாரு. நான் கூப்புட்டேன். திரும்பல.”

 தொட்டியடியில் கேட்ட அந்த ஒரு பேச்சு மறுபடியும் முத்துப்பேச்சியின் காதில் ஓடியது. காளவாசல்ல ஒண்ணு வச்சிருக்காரு.

“மதினிக்குத் தெரிஞ்சா வம்புன்னு சொன்னியே அன்னைக்கு. எனக்கு என்ன வம்பு இதுல?”

மைதீன் பிச்சை காலால் மண்ணைக் கிளறினார்.

“இந்தக் குழாய் எந்தத் தெருவுக்குப் போகுது?”

கிளறிய மண்ணை அவர் காலாலேயே மூடினார்.

“நம்ம தெருவுக்கா?”

“அதுக்குத்தான் மதினி. கடைசி வீடு உங்க வீடு.”

அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. லயன்ல எங்கயோ ஒழுக்கு இருக்கு, தேடிக்கிட்டுத்தான் இருக்கேன். சோற்றைப் பிசைந்துகொண்டு, கண்ணைப் பார்த்து, எத்தனை வருஷம் சொன்ன பொய். அவள் குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு காய்ந்திருக்கிறாள். பழனியம்மாளிடம் பேச்சு வாங்கியிருக்கிறாள். பொன்னழகு வயிற்றுப் பிள்ளையோடு வந்திருந்தபோது அடுத்த தெருவுக்குப் போய்ச் சுமந்துவந்து குளிக்க வைத்திருக்கிறாள். அவளுக்கு வர வேண்டியதை எடுத்து இங்கே ஊற்றியிருக்கிறார். பொம்பளையாக இருந்தால் மயிரைப் பிடித்து இழுத்துத் தெருவில் போட்டிருப்பாள். தண்ணீரை எதைப் பிடித்து இழுப்பது? தான் சந்தேகப்பட்டது தப்பே இல்லை என்று தோன்றியது. தப்பே இல்லை என்று தோன்றும்போதே, பேசாமல் சோறு போட்ட அத்தனை ராத்திரியும் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. அவரும் பேசாமல் தின்றுவிட்டு எழுந்து போனாரே, ஏன் பேசமாட்டேன் என்கிறாய் என்று ஒரு தடவை கேட்டிருக்கக்கூடாதா? ஒழுக்கு தெரிந்துவிட்டதோ என்று பயந்திருப்பாரோ?

படிக்குத் திரும்பி வந்தாள். கருப்பாயி அவள் குடத்தை வாங்கி நீரில் அமுக்கினாள்.

“இங்கன வந்தா சோறு கீறு தின்பாரா?” என்று முத்துப்பேச்சி கேட்டாள். சந்தேகம் பழகிப்போன நாக்கு, சட்டென்று விடுமா?

“ஒரு நாளும் இல்லக்கா.”

“தண்ணி?”

“கெஞ்சியிருக்கோம். ஒரு வாய் குடிச்சதில்ல. எங்க வீட்டுல இதுக்குத்தான் ஒருத்தி காத்துக் கெடக்கா, அங்க போயிக் குடிச்சுக்கிறேன்னு சொல்லிருவாரு.”

முத்துப்பேச்சி நிறைந்த குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு திரும்பி நடந்தாள். வழியெல்லாம் தண்ணீர் தளும்பி அவள் சேலையை நனைத்தது. பொன்னழகு வாங்கிக்கொள்ள வந்தபோது கொடுக்கவில்லை.

வீட்டில் பெஞ்சை முற்றத்துக்கு நகர்த்தியிருந்தார்கள். முதல் குடத்தை அவளே ஊற்றினாள். முழங்காலில் காய்ந்து இறுகியிருந்த வெள்ளை மண் கரைந்து இறங்கியது. துணி எதுவும் எடுக்காமல் கையாலேயே தேய்த்துக் கழுவினாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. மனுஷனை நான் பேசவிடவில்லையே என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அது என்ன என்று யாருக்கும் விளங்கவில்லை. இழவு வீட்டில் அழுகிறவள் என்ன சொன்னாலும் யாரும் விளக்கம் கேட்பதில்லை. “அழட்டும், அழுதாத்தான் நல்லது,” என்றாள் பழனியம்மாள். அழகர் கொள்ளிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்க, வெயில் தாழ்வதற்குள் எடுத்துவிட்டார்கள்.

கருமாதி கழிந்து ஒரு நாள் மைதீன் பிச்சை வந்தார். கையில் அந்தக் கம்பி. வாசலோடு நின்றுகொண்டார்.

“புது பிட்டர் வரப்போறாரு மதினி. இந்தக் கம்பி அண்ணன் சொந்தமா அடிச்சது, ஆபீசுச் சாமான் இல்ல. உங்ககிட்ட இருக்கட்டும்.” கொஞ்சம் தயங்கினார். “அந்தக் காளவாசல்ல உள்ளத… நீங்க ஒரு வார்த்தை சொன்னா அடைச்சிறலாம். உங்க குழாயில நல்லாக் கொட்டும். இல்லாட்டி நானே பாத்துக்கிறேன். எனக்கும் கொஞ்சம் கேக்கத் தெரியும்.”

முத்துப்பேச்சி கம்பியை வாங்கிக் கதவுக்குப் பின்னால் சாத்தினாள். “காப்பி குடிச்சிட்டுப் போ,” என்றாள். 

அதற்கப்புறம் எத்தனையோ நாள் கழித்து ஒரு காலை. குழாயடியில் பழனியம்மாள் முதல் ஆளாக வந்து குடத்தைப் போட்டிருந்தாள். நூல் இறங்கிக்கொண்டிருந்தது. முத்துப்பேச்சி தெருமுனைப் பக்கமிருந்து நடந்து வந்து, வீட்டுக்குள் போய்க் குடத்தை எடுத்துவந்து வரிசையில் வைத்தாள்.

“ஏன் முத்துப்பேச்சி,” என்றாள் பழனியம்மாள். “கோவிச்சுக்காத. நம்ம லயன்ல எங்க ஒழுக்குன்னு உன் வீட்டுக்காரரு சாகுறதுக்கு முந்தி கண்டுபிடிச்சாரா, இல்லையா? உங்கிட்ட ஏதும் சொன்னாரா?”

“எங்கயோ இருக்கு,” என்றாள் முத்துப்பேச்சி. “தேடிக்கிட்டுத்தான் இருந்தாரு.”

பழனியம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். பார்வை மெல்ல இறங்கிச் சேலைக் கரையில் போய் நின்றது. முழங்காலுக்கு நேரே சேலை வட்டமாக வெளுத்திருந்தது. கரையெல்லாம் வெள்ளை மண்.

“வெள்ளன எங்க போயிட்டு வார?”

“இங்கனதான்.”

பழனியம்மாளின் குடம் நிறைந்ததும் முத்துப்பேச்சி தன் குடத்தை நூலுக்கு நேராக நகர்த்தி வைத்தாள். அது நிறைகிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.